பள்ளி வயதில் பிடித்த மனச்சோர்வும் வன்னியின் வேலை வயதுக்காரரும்

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது 12 வயதுக்கும் 18 வயதுக்கும் இடையில் இருந்த வன்னிப் பிள்ளைகள் இப்போது முப்பதைச் சுற்றிய வயதில் இருக்கிறார்கள். வயல் செய்கிறார்கள், கடலுக்குப் போகிறார்கள், மேசனுக்கு உதவியாளாக நிற்கிறார்கள். விடியப்புறம் பஸ் ஏறி கிளிநொச்சி அறிவியல் நகர் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறார்கள். முன்பள்ளியில் படிப்பிக்கிறார்கள், கடைகளில் கணக்கு எழுதுகிறார்கள். ஒரு பகுதியினர் வேலைக்குச் சேர்ந்து, நின்று, வேறொன்றில் சேர்ந்து, அதையும் விட்டு வீட்டில் இருக்கிறார்கள்.

இந்தக் கடைசிப் பகுதியினரைப் பற்றி வேலை கொடுப்பவர்களிடம் கேட்டால், “நல்லாத்தான் தொடங்குவினம், பிறகு சொல்லாமல் கொள்ளாமல் நிண்டிடுவினம்” என்பார்கள். வீட்டில் கேட்டால் பஞ்சி, பொறுப்பில்லை என்பார்கள். கிராம அலுவலர் முதல் கோயில் நிர்வாகசபை வரை ஊரில் எல்லாரிடமும் இதே தீர்ப்புத்தான். இந்தத் தீர்ப்பு பலருடைய விஷயத்தில் பிழையானது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. பதின்ம வயதில் வந்து, யாரும் கவனிக்காமல், மருந்தோ ஆலோசனையோ இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்த மனச்சோர்வும் பதகளிப்பும் (அளவுக்கு மிஞ்சிய பயமும் பதற்றமும்) வேலை வயதில் இப்படித்தான் வெளியே தெரியும்.

போரைக் கண்ட எல்லாருக்கும் நோய் வந்துவிடவில்லை. எல்லாவற்றையும் இழந்து, மீளக் குடியமர்ந்து, நல்லபடி உழைத்து வாழ்கிறவர்கள் வன்னி முழுக்க இருக்கிறார்கள். வேலை இல்லாததற்கெல்லாம் மனநோய்தான் காரணம் என்பதும் உண்மையல்ல. முதலில் வேலை இருக்க வேண்டும், வேலைக்குப் போக பஸ் இருக்க வேண்டும், பிடித்த மீனுக்கும் விளைந்த நெல்லுக்கும் விலை இருக்க வேண்டும். இவை இல்லாத இடத்தில் மனதைக் குறை சொல்வது அநியாயம். ஆனால் வேலை கிடைத்தும் அதில் நிற்க முடியாமல் போகிறவர்களைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

பதின்ம வயது மனச்சோர்வை அடையாளம் காண்பது கடினம். வளர்ந்தவர்களைப் போல அந்த வயதுப் பிள்ளை எந்நேரமும் சோகமாக இருக்காது. சிடுசிடுக்கும், எடுத்தெறிந்து பேசும். இரவு முழுக்க முழித்திருந்து பகலில் படுத்துக் கிடக்கும். நேற்றுவரை ஓடிப்போய் விளையாடிய கிரிக்கெட்டில் இன்று மனம் ஒட்டாது. புத்தகத்தைத் திறந்து ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். பதகளிப்பு பெரும்பாலும் உடம்பில்தான் தெரியும். பள்ளிக்கூடம் போகிற நேரம் வயிற்றுக்குத்து, தலையிடி, சத்தி, நெஞ்சுப் படபடப்பு. இரண்டு கிழமைக்கு மேல் இப்படித் தொடர்ந்தால் கவனிக்க வேண்டும். வீட்டில் என்ன நடக்கிறது? முதலில் ஏச்சு, பிறகு பார்வை பார்த்து நூல் கட்டுதல், பிறகு பழகிப்போதல். பிள்ளை “அப்படித்தான்” என்று ஆகிவிடும்.

10 வயதுக்கும் 19 வயதுக்கும் இடையில் உள்ளவர்களில் ஏறத்தாழ 7 பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வாழ்நாளில் எப்போதாவது வரும் மனநலக் கோளாறுகளில் கிட்டத்தட்ட அரைவாசி 18 வயதுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பெரிய நோய்கள் பலவற்றுக்கு இந்த வரிசை இல்லை. நீரிழிவும் மாரடைப்பும் பெரும்பாலும் நடுவயதிலோ அதற்குப் பிறகோதான் வருகின்றன. மனச்சோர்வு பலருக்கு உழைக்கத் தொடங்கும் முன்பே வருகிறது. படிப்பு, பரீட்சை, தொழில் பழகுதல், மனிதரோடு பழகுதல் எல்லாம் நடக்க வேண்டிய ஆண்டுகளை அது எடுத்துக்கொள்கிறது.

இது வேலையில் எவ்வளவு தூரம் போய்த் தாக்குகிறது என்று அறிய ஒரே பிள்ளைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர வேண்டும். பிரித்தானியாவில் 1958 மார்ச் மாதத்தின் ஒரு கிழமையில் பிறந்த ஏறத்தாழ 17,000 பிள்ளைகளை அப்படித் தொடர்ந்து கவனித்து வந்திருக்கிறார்கள். சிறுவயதில் மனநலப் பிரச்சினை இருந்தவர்களின் குடும்ப வருமானம், அவர்களுடைய 50 வயதில், மற்றவர்களைவிட ஏறத்தாழ 28 வீதம் குறைவாக இருந்தது. 2011இல் வெளிவந்த இந்த முடிவில் இன்னொரு விஷயமும் உண்டு. சிறுவயதில் வந்த உடல் நோய்களும் வருமானத்தைக் குறைத்தன, ஆனால் இவ்வளவு இல்லை. சண்டையோ முகாமோ காணாத, இலவச வைத்தியம் உள்ள நாட்டில் கிடைத்த கணக்கு இது.

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரில் 1977இல் பிறந்த 1,265 பிள்ளைகளையும் இப்படித் தொடர்ந்தார்கள். 14க்கும் 16க்கும் இடையில் மனச்சோர்வு வந்தவர்களிடம் 21 வயதில் படிப்புக் குறைவும் வேலையின்மையும் கூடுதலாக இருந்தன. ஆனால் குடும்ப வறுமை, வீட்டுச் சண்டை, பிள்ளையின் முந்தைய நிலை போன்றவற்றைக் கணக்கில் எடுத்துப் பார்த்தபோது, மனச்சோர்விலிருந்து நேராகப் போன கோடு ஒன்றுதான்: அந்த நோயோ பதகளிப்போ பிறகும் வருவது. படிப்பும் வேலையும் கெட்டதற்குப் பெருமளவு காரணம் நோயைச் சுற்றியிருந்த வாழ்க்கை. அதே பிள்ளைகளைப் பிறகும் தொடர்ந்து பார்த்தபோது, 16 வயதிலிருந்து 21 வயதுவரை மனச்சோர்வு எத்தனை முறை திரும்பி வந்தது என்பதற்கும் பின்னாளில் வேலையில்லாமல் இருப்பதற்கும் தொடர்பு தெரிந்தது.

இந்த இரண்டு முடிவுகளையும் வன்னிக்குக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தால் எனக்கு விளங்குவது இதுதான். ஒருமுறை வந்துபோன மனச்சோர்வு ஒருவருடைய உழைப்பை அழித்துவிடாது. திரும்பத் திரும்ப வருவதும், அது வந்த வீட்டில் வேறு எதுவும் கைகொடுக்காமல் இருப்பதும் சேர்ந்துதான் அழிக்கிறது. வன்னியில் இந்த இரண்டுமே ஒன்றாக வந்தன.

2008இல் மன்னார்ப் பக்கமிருந்து கிழக்கே நகரத் தொடங்கிய சனம் அக்கராயன், தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று போய் முள்ளிவாய்க்காலில் முடிந்தது. இடையில் பள்ளிக்கூடங்கள் அகதிகள் தங்கும் இடங்களாகின. ஷெல் ஒரு பக்கம், வீட்டுக்கு ஒருவர் என்ற புலிகளின் கட்டாய ஆட்சேர்ப்பு இன்னொரு பக்கம். பிள்ளை பிடிபடாமல் இருக்க 16, 17 வயதில் அவசரமாகக் கலியாணம் செய்து வைத்த பெற்றோர் எத்தனையோ பேர். அந்தப் பெண்பிள்ளைகளின் படிப்பு அன்றோடு சரி. பிறகு ஏறத்தாழ 3 இலட்சம் பேர் முகாம்களுக்குள் போனார்கள். செட்டிகுளத்து மெனிக் பாம் முழுமையாக மூடப்பட்டது 2012 செப்டெம்பரில்தான். 2009 ஓகஸ்டில் உயர்தரப் பரீட்சையை முகாமிலிருந்தே எழுதிய மாணவர்கள் இருந்தார்கள். அதை நாம் பெருமையாகச் சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். ஆனால் மூன்று மாதம் முன்பு பதுங்குகுழியில் கிடந்த பிள்ளையால் ஒரு கணக்கை மனதில் வைத்திருக்க முடியுமா என்று அன்று யாரும் கேட்கவில்லை.

கேட்டிருக்கலாம், ஏனென்றால் விடை ஏற்கெனவே கையில் இருந்தது. கடைசி யுத்தத்துக்கு முன்பே, சமாதான காலத்தில், வடகிழக்கில் 420 பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில் 92 வீதமானோர் கொடூரமான சம்பவங்களுக்கு முகம்கொடுத்திருந்தார்கள், 4இல் ஒருவருக்கு மனவடு நோய் (கண்ட கொடூரம் திரும்பத் திரும்ப மனதில் வந்து வருத்தும் நோய்) இருந்தது. அவர்களுடைய ஞாபகசக்தியும் பள்ளிப் புள்ளிகளும் மற்றவர்களோடு பழகுவதும் பாதிக்கப்பட்டிருந்தன. 2009 நடுப்பகுதியில் யாழ்ப்பாண மாவட்டத்தில் எடுத்த கணக்கில், அப்போதும் இடம்பெயர்ந்த நிலையில் இருந்தவர்களில் மனச்சோர்வு அறிகுறிகள் 42 வீதத்தையும் பதகளிப்பு 48 வீதத்தையும் தொட்டன. வன்னி மக்களுக்கு நேர்ந்ததை உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010இலேயே சமூகம் முழுவதற்குமான மனவடு என்று எழுதினார். தனி ஆளுக்கு மட்டும் மருந்து கொடுத்து ஆற்ற முடியாதது அது என்பதே அவர் வலியுறுத்தியது.

ஒருவரைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். இது ஒரே ஆளின் கதை இல்லை, பலரிடம் கேட்டவற்றை ஒருவர் மேல் வைத்துச் சொல்கிறேன். 2008இல் அவனுக்கு 14 வயது. தகப்பன் காணாமல் போனவர், இறந்தார் என்று சொல்லவும் ஆளில்லை. 2010இல் ஊருக்குத் திரும்பி, தன்னைவிட இரண்டு வயது குறைந்த பிள்ளைகளோடு பத்தாம் வகுப்பில் இருந்தான். சாதாரண தரம் இரண்டு முறை எழுதினான், இரண்டு முறையும் கணிதம் போனது. மேசன் வேலைக்குப் போனான். அப்புறம் தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்னிணைப்புப் படித்தான். வகுப்பில் கெட்டிக்காரன் என்று பெயர். கடைசிச் செய்முறைப் பரீட்சை அன்று காலையில் வயிற்றுக்குத்து. போகவில்லை. சான்றிதழ் இல்லாமல் டவுனில் ஒரு கடையில் சேர்ந்தான். ஒருநாள் முதலாளி சனத்துக்கு முன்னால் சத்தம் போட்டார். அடுத்த நாளிலிருந்து போன் நிறுத்தி வைக்கப்பட்டது. இப்படியே இன்னும் சில இடங்கள்.

இதே ஆள்தான், அயலில் யாருடைய தண்ணீர்ப் பம்பி பழுதானாலும் வாங்கிக்கொண்டு வந்து, இரவில் தனியே இருந்து கழற்றி, சுருளைத் திரும்பச் சுற்றிக் காலையில் திருப்பிக் கொடுக்கிறான். காசு கேட்பதில்லை, கொடுத்தால் கையை நீட்டி வாங்கவும் கூச்சம். “உவனுக்கு எல்லாம் தெரியும், ஆனால் உழைக்கப் பஞ்சி” என்கிறது ஊர். பஞ்சிக்காரன் இரவு முழுக்க இருந்து பம்பி சுற்ற மாட்டான். அவனால் வேலை செய்ய முடிகிறது. ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, மதிப்பிடும்போது, சத்தம் போடக்கூடிய இடத்தில் நிற்கும்போதுதான் முடியவில்லை.

பதகளிப்பு வேலையைத் தின்னும் விதம் இதுதான். பயந்த இடத்துக்குப் போகாமல் விட்டதும் உடனே ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதிதான் அடுத்த முறையும் போகாமல் விடச் சொல்லும். நேர்முகத் தேர்வு, புது இடத்தில் முதல் நாள், தெரியாத இலக்கத்திலிருந்து வரும் அழைப்பு, லீவு கேட்பது, சம்பள உயர்வு கேட்பது எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று போகும். வெளியே பார்ப்பவருக்கு ஆள் பாதுகாப்பாக வீட்டில் இருப்பதாகத்தான் தெரியும். உள்ளே அவனுக்குத் தெரிந்த உலகம் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கிக்கொண்டிருக்கும். மனச்சோர்வு வேறு வழியில் வேலை செய்கிறது. நித்திரை கெட்டு விடியற்காலையில் எழும்ப முடியாமல் போகும், சின்ன முடிவுகூட எடுக்க ஏலாது. நாட்கூலி வேலையில் இதற்கு இடமே இல்லை. ஒருநாள் வராவிட்டால் அன்றைய கூலி போகும், இரண்டாம் முறை வராவிட்டால் அடுத்த வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். மாதச் சம்பளக்காரருக்கு இருக்கிற சுகவீன லீவு வயலுக்கும் கடலுக்கும் மேசன் வேலைக்கும் கிடையாது.

வேலைக்கு வந்தும் வேலை ஓடாமல் இருப்பவர்கள் இன்னொரு கூட்டம். தையல் வரிசையில் இருந்து ஒரே பிழையைத் திரும்பத் திரும்பச் செய்யும் பெண்ணையும், கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அரைமணி நேரம் இருக்கும் எழுதுவினைஞரையும் யாரும் நோயாளியாகப் பார்ப்பதில்லை. மனச்சோர்வாலும் பதகளிப்பாலும் உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 கோடி வேலைநாட்கள் வீணாகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. ஆண்களில் சிலர் இதைக் கசிப்பாலும் சாராயத்தாலும் அமர்த்தப் பார்க்கிறார்கள். ஒரு இரவு நித்திரை வரும், அடுத்த நாள் மனம் இன்னும் கீழே போகும். அதன் பிறகு ஊருக்கு வேறு காரணமே தேவைப்படாது, குடிகாரன் என்றால் முடிந்தது. பெண்கள் வேலையை விட்டால் அது “வீட்டுப் பொறுப்பு” என்று ஆகிவிடுகிறது, அதனால் அவர்களுடைய நோய் இன்னும் ஆழத்தில் மறைந்து போகிறது.

நம்பிக்கை தரக்கூடிய ஆய்வு ஒன்று அவுஸ்திரேலியாவின் விக்ரோறியா மாநிலத்திலிருந்து வந்தது. ஏறத்தாழ 2,000 பதின்ம வயதினரை 14 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். அந்த வயதில் மனச்சோர்வோ பதகளிப்போ வந்தவர்களில் கிட்டத்தட்ட 60 வீதமானோருக்கு இளம் வயதில் அது மறுபடியும் வந்தது. ஆனால் ஒரே ஒரு முறை வந்து ஆறு மாதத்துக்குள் தெளிந்துபோனவர்களில் அரைவாசிக்குச் சற்று மேற்பட்டோருக்கு அது திரும்பி வரவில்லை. என்னைக் கேட்டால் வன்னியின் சுகாதாரத் திட்டத்திலும் வேலைவாய்ப்புத் திட்டத்திலும் முதல் பக்கத்தில் எழுத வேண்டிய விஷயம் இதுதான். நோய் வராமல் தடுக்க எங்களால் முடியாமல் போகலாம். அது ஒரு பிள்ளையிடம் எவ்வளவு காலம் தங்குகிறது என்பதைக் குறைக்க முடியும்.

குறைக்கும் வழிகள் இரகசியமானவை அல்ல. பேசி ஆற்றும் சிகிச்சைகளில், நினைப்பையும் நடத்தையையும் படிப்படியாக மாற்றப் பழக்கும் முறை பதின்ம வயதினருக்கு நன்றாகவே உதவுகிறது. பயந்த இடத்துக்குச் சிறிது சிறிதாகத் திரும்பப் போகப் பழக்குவதும் அதில் ஒரு பகுதி. தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. புளுஒக்சிற்றின் போன்ற மருந்துகள் வேலை செய்யத் தொடங்கச் சில கிழமைகள் எடுக்கும். முதல் கிழமைகளில் பிள்ளையை வீட்டார் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்கத் தயங்கக் கூடாது. பத்து நாள் குடித்துவிட்டு “ஒண்டும் மாறேல்லை” என்று நிறுத்துகிறவர்களும், கொஞ்சம் சுகம் வந்ததும் தாங்களாகவே விடுகிறவர்களும் ஏராளம். நிறுத்துவதை வைத்தியரோடு பேசித்தான் செய்ய வேண்டும். அரச ஆஸ்பத்திரிகளின் உளநலப் பிரிவில் இதற்கெல்லாம் காசு எடுப்பதில்லை. தேசிய மனநல உதவி இலக்கம் 1926, எந்த நேரமும் எடுக்கலாம்.

ஆனால் அந்தப் பிரிவுக்குப் போவதற்கு ஒரு விலை உண்டு. துணுக்காயிலிருந்தோ கொக்கிளாயிலிருந்தோ கிளினிக்குக்கு வருகிறவர் விடிய எழும்பி பஸ் பிடிக்க வேண்டும், வரிசையில் நின்று இலக்கம் எடுக்க வேண்டும், மத்தியானம் தாண்டித்தான் திரும்பலாம். அன்றைய கூலி போச்சு. கையில் வைத்திருக்கும் கிளினிக் கொப்பியை பஸ்ஸில் தெரிந்தவர் கண்டுவிட்டால், “விசருக்கு மருந்தெடுக்கிறார்” என்று பின்னேரத்துக்குள் ஊருக்குத் தெரியும், கலியாணப் பேச்சுக்கும் அது தடை. கிராமத்துக்கே வரும் உளசமூகப் பணியாளர்கள்தான் இந்த விலையைக் குறைக்கக்கூடியவர்கள். ஆழிப்பேரலைக்குப் பிறகும் போருக்குப் பிறகும் அப்படிப் பலர் பயிற்றப்பட்டார்கள். திட்டப் பணம் முடிந்ததும் பலருடைய வேலையும் முடிந்தது. இது என்னை மிகவும் வருத்துகிற விஷயம், ஏனென்றால் பதின்ம வயதுப் பிள்ளை வைத்தியரைத் தேடி வராது. வீட்டு வாசலில் வந்து இருந்து பேசுகிற அக்காவோடுதான் பேசும்.

வேலை கொடுப்பவர்கள் செய்யக்கூடியது அதிகம், பெரிதாகச் செலவும் இல்லை. புதிதாகச் சேர்ந்தவரை எல்லாருக்கும் முன்னால் ஏசாமல் தனியே கூப்பிட்டுச் சொல்வது. மாதம் ஒருநாள் கிளினிக் லீவைக் காரணம் கேட்காமல் கொடுப்பது. இரண்டு நாள் வராத ஆளை நிறுத்திவிடாமல் மூன்றாம் நாள் ஒருவரை வீட்டுக்கு அனுப்பிப் பார்ப்பது. ஒளித்துக்கொள்கிற ஆள் வெட்கத்தால்தான் திரும்பி வராமல் இருக்கிறான். ஒருமுறை கூப்பிட்டால் வரக்கூடும். முற்றாகக் குணமான பிறகு வேலை என்று காக்க வைக்காமல், வேலையில் அமர்த்திவிட்டுப் பக்கத்தில் நின்று உதவும் முறை கடுமையான மனநோய் உள்ளவர்களிடமே பல நாடுகளில் நல்ல பலன் தந்திருக்கிறது. சோர்வும் பதகளிப்பும் உள்ள ஒருவருக்கு அது இன்னும் எளிதாக இருக்கக்கூடும். தொழிற்பயிற்சி நிலையங்களும் ஒன்று செய்யலாம். செய்முறைப் பரீட்சைக்கு வராத பிள்ளையின் பெயரை வெட்டும் முன் ஏன் வரவில்லை என்று ஒருவர் போய்க் கேட்டால், நான் மேலே சொன்ன அந்த ஆளிடம் இன்று என்விகியூ (தேசிய தொழில் தகைமை) தரம் 4 சான்றிதழ் இருந்திருக்கும்.

முப்பது வயதில் உள்ளவர்களுக்கு இது பிந்திவிட்டதா என்றால், இல்லை. மனச்சோர்வு எந்த வயதிலும் சிகிச்சைக்குக் கேட்கும். ஆனால் இப்போது 15 வயதில் இருக்கும் பிள்ளைகள் போரைக் காணாதவர்கள், அவர்களை நினைத்து யாரும் பயப்படுவதில்லை என்பதுதான் என் பயம். அவர்களுடைய தாய் தகப்பன் அந்த முப்பது, நாற்பது வயதுக்காரர். சில வீடுகளில் அம்மா வெளிநாட்டில், சில வீடுகளில் நுண்கடன்காரர் கிழமைக்கொரு தரம் வாசலில், சில வீடுகளில் காணாமல் போனவரின் படத்தோடு அம்மம்மா 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சிப் போராட்டத்துக்குப் போய்வருகிறார். கொரோனாக் காலத்தில் பள்ளிக்கூடம் மூடியது, 2022இல் சாப்பாட்டுக்கே வழியில்லாமல் போனது. பெற்றோரின் மனச்சோர்வு பிள்ளைக்கு ஆபத்தைக் கூட்டும் என்பது நன்கு நிறுவப்பட்ட விஷயம். போர் முடிந்துவிட்டது என்று நாம் கணக்கை மூடினாலும் அந்த வீட்டுக்குள் அது மூடவில்லை.

பள்ளிக்கூடத்தில் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியர் இருக்கிறார். ஆனால் பிள்ளை பள்ளிக்கு வரும்வரைதான் அவருக்குப் பிள்ளையைத் தெரியும். சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை உள்ள மாதங்களில் பிள்ளை யாருடைய பொறுப்பிலும் இல்லை. பள்ளிக்கூடத்தின் இடாப்பிலும் பெயர் இல்லை, எந்தப் பயிற்சி நிலையத்திலும் பெயர் இல்லை. நித்திரை தலைகீழாவதும், அறைக்குள்ளேயே கிடக்கத் தொடங்குவதும், பெறுபேறு பிழைத்தால் விஷப் போத்தலை நினைப்பதும் இந்த மாதங்களில்தான். பிள்ளையின் வகுப்பாசிரியரிடம் கடைசி ஆண்டின் வரவுப் பதிவு இருக்கிறது. அதிகம் வராத பிள்ளைகளின் பெயர்களைப் பிரதேச செயலகத்தின் உளசமூகப் பணியாளரிடம் கொடுத்து, பெறுபேறு வரும் முன் அந்த வீடுகளுக்கு ஒருமுறையாவது போய்வரச் செய்ய வேண்டும். அதற்குத் தேவையானது ஒரு மோட்டார் சைக்கிளும், எண்ணெய்க் காசும், திட்டப் பணத்தை நம்பியிராத நிரந்தர நியமனமும்.